மன்னர் மூக்கும் நூறு பவுண்டும்

மூன்றாம் ஜார்ஜ் மன்னரின் மூக்கை அமெரிக்கர்கள் உடைத்தார்கள் என்று சொல்வது ஒரு பேச்சுக்குத்தான். அந்த மூக்கை நிஜமாகவே பதம் பார்த்தவர் வேறு ஆள். ஜோசப் நோலிகன்ஸ், லண்டன் சிற்பி. மன்னரின் மார்பளவுச் சிலைக்காக முகத்தை அளவெடுத்துக்கொண்டிருந்தபோது காலிப்பரின் முனை ராஜ நாசியைக் குத்திவிட்டது. அமெரிக்காவுக்குக் கப்பல் கப்பலாகப் படை அனுப்பியவர், இதைச் சிரித்துவிட்டு மறந்துவிட்டார்.

இன்னொரு தடவை மன்னர் உட்காரத் தயார், சிற்பியைத்தான் காணோம். மறுநாள் வந்து நின்றவரிடம் நேற்று எங்கே போனீர் என்று கேட்டார். யாரோ ஒரு புனிதரின் திருநாள், அன்றைக்குப் போய் உங்களைத் தொந்தரவு செய்வானேன் என்று நினைத்தேன், லண்டன் டவரில் மிருகங்களுக்குத் தீனி போடுவதை வேடிக்கை பார்க்கப் போய்விட்டேன் என்றார் நோலிகன்ஸ். அவர் கத்தோலிக்கர். திருநாளென்றால் கோயிலுக்கல்லவா போயிருக்க வேண்டும் என்று மன்னர் மடக்கினார். நியாயமான கேள்விதான். ஆனால் கேட்டவருக்கு வந்தது பதில் இல்லை, சிங்கம். டவரில் இரண்டு சிங்கம் இருக்கிறதாம், பெரியது என்னமாய் கர்ஜிக்கிறது தெரியுமா என்று சொல்லி, அந்தக் கர்ஜனையை மன்னரின் காதுக்குப் பக்கத்திலேயே செய்து காட்டினார். இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, அயர்லாந்து ஆகியவற்றின் அதிபதி நாற்காலியை விட்டு எழுந்து தூரமாகப் போய் நின்றுகொண்டார்.

இந்த ஆள்தான் 18ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியிலும் அதற்கடுத்த சில வருடங்களிலும் இங்கிலாந்தின் பெரிய தலைகளையெல்லாம் பளிங்கில் செய்தவர். நடிகர் கேரிக், நாவலாசிரியர் ஸ்டெர்ன், அகராதி எழுதிய சாமுவேல் ஜான்சன், அரசியலில் ஒருவரையொருவர் கண்டாலே ஆகாத பிட்டும் ஃபாக்ஸும், எல்லோருடைய முகமும் இவர் கைக்கு வந்து சேர்ந்தது. உட்கார்ந்தபோது பருத்தும் தொங்கியும் இருந்த கன்னங்கள், பளிங்கிலிருந்து எழுந்தபோது ரோமாபுரி செனட்டில் இருபது வருடம் இருந்த களை பெற்றுவிடும். பெரிய மனிதர்களைப் பெரிய மனிதர்களாகத் தெரியவைப்பது அவர் பிழைப்பு. அவரைப் பெரிய மனிதராகத் தெரியவைக்கத்தான் யாரும் கிடைக்கவில்லை.

கிடைத்தவர் ஜான் தாமஸ் ஸ்மித். இனி வரப்போகிற அவமானங்களில் பெரும்பாலானவற்றுக்கு அவர் ஒருவரே சாட்சி என்பதால் சாட்சியை முதலில் விசாரித்துவிடுவது நல்லது. ஸ்மித் பிறந்தது 1766ல், ஒரு வாடகைக் குதிரை வண்டிக்குள். வீடு வந்து சேரும்வரை கூடப் பொறுக்காத பிறவி. அவருடைய அப்பா நோலிகன்ஸின் பழைய கூட்டாளி. பையன் 13 வயதில் நோலிகன்ஸின் பட்டறையில் சேர்ந்து மூன்று வருடம் இருந்தான். பிற்பாடு பிரிட்டிஷ் மியூசியத்தில் அச்சுப்படங்களுக்குப் பொறுப்பாளர் ஆனார். அதன் பிறகும் நோலிகன்ஸ் வீட்டுப் படியேறுவதை விடவில்லை. பார்த்ததையும் கேட்டதையும் வேலைக்காரியிடம் விசாரித்ததையும் ஒன்று விடாமல் மனதில் போட்டு வைத்துக்கொண்டார். அவருக்கு ஒரு மனக்குறை இருந்தது. அது என்னவென்று அதற்கான இடம் வரும்போது பார்ப்போம்.

நோலிகன்ஸ் பிறந்தது 1737ல், லண்டன் சோஹோ பகுதியில். அப்பா ஆண்ட்வெர்ப்பிலிருந்து வந்து குடியேறிய ஓவியர். பையனுக்குப் பத்துப் பதினொரு வயதாகும்போது அவர் போய்விட்டார். 1745ல் ஸ்டூவர்ட் வம்சத்துக் கலகம் கிளம்பியபோது, கத்தோலிக்கன் வீடு என்று கும்பல் வந்து சேர்த்து வைத்த பணத்தைச் சூறையாடிவிடும் என்று பயந்து பயந்தே படுத்தவர் எழுந்திருக்கவில்லையாம். கும்பல் வரவில்லை. பணம் பத்திரமாக இருந்தது. குடும்ப வியாதி எது என்று இதிலேயே தெரிந்திருக்கும்.

அம்மா மறுமணம் செய்துகொண்டு வேல்ஸ் பக்கம் போய்விட, பையன் 1750ல் பீட்டர் ஷீமேக்கர்ஸிடம் தொழில் கற்கச் சேர்ந்தான். வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் நிற்கிற ஷேக்ஸ்பியரைச் செதுக்கியவர் இந்த ஷீமேக்கர்ஸ். சீடன் கெட்டிக்காரன், ஆனால் ஒரு பலவீனம். பக்கத்து மாதா கோயிலில் யாராவது செத்ததற்கு மணி அடிக்க வேண்டுமென்றால் உளியைப் போட்டுவிட்டு ஓடிவிடுவான். பையனைக் காணோமா, கோயிலுக்கு ஆள் அனுப்பு, கயிற்றைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருப்பான். செத்தவர்களால் பிழைக்கப்போகிறவனுக்கு இதைவிடப் பொருத்தமான பொழுதுபோக்கு எதுவும் இருந்திருக்க முடியாது.

கலைச் சங்கத்தின் பரிசுகளை வரிசையாக வாங்கிய கையோடு 1760களின் தொடக்கத்தில் ரோமுக்குப் போய்ச் சேர்ந்தார். பண்டைய சிற்பங்களைப் பார்த்து, தொட்டு, வரைந்து பயில்வதற்காக எல்லாச் சிற்பிகளும் அங்கே போவது வழக்கம். நோலிகன்ஸும் பயின்றார். கூடவே வேறொன்றையும் கவனித்தார். இங்கிலாந்துப் பிரபு வீட்டுப் பிள்ளைகள் கூட்டம் கூட்டமாக ரோமுக்கு வருகிறார்கள். பையில் பணம் கனக்கிறது, ஊருக்குக் கொண்டுபோக ஒரு ரோமானியச் சிலை வேண்டும் என்று துடிக்கிறார்கள். மண்ணிலிருந்து கிடைக்கிற சிலைகளோ தலையில்லாமல், கையில்லாமல், மூக்கில்லாமல் கிடைக்கின்றன. பிரபு வீட்டுக் கூடத்தில் முண்டத்தை நிறுத்தி வைத்தால் சாப்பிட வந்தவர்களுக்கு ஒப்புமா?

அந்தக் காலத்தில் ரோமில் உடைந்த சிலைகளைப் பழுதுபார்ப்பதில் பேர்போனவர் பார்த்தலோமேயோ கவாசெப்பி. நோலிகன்ஸ் அவரிடம் வேலை பார்த்தார். எந்த முண்டத்துக்கு எந்தத் தலை பொருந்தும், பொருந்தாவிட்டால் எப்படிப் பொருத்துவது என்பதெல்லாம் அங்கே கற்றது. பழைய உடம்பில் புதுக் கை வெள்ளை வெளேரென்று காட்டிக்கொடுத்துவிடும் அல்லவா? அதற்கும் வழி இருந்தது. புகையிலைத் தண்ணீர். ஊறவைத்த சாற்றைப் பூசினால் நேற்றுச் செதுக்கிய கை ஆயிரத்தைந்நூறு வருடம் மண்ணுக்குள் கிடந்த நிறத்துக்கு வந்துவிடும்.

தாமஸ் ஜென்கின்ஸ் என்று ஒரு ஆங்கிலேய வியாபாரி. ரோமில் பழம்பொருள் விற்பவர். கொலோசியத்தின் இடிபாடுகளுக்குள்ளேயே ஆட்களை உட்காரவைத்துப் பண்டைய முத்திரைக் கற்களைப் 'புதிதாக' உற்பத்தி செய்துகொண்டிருந்தார். விலாசத்துக்குக் குறை சொல்ல முடியாது, கொலோசியத்திலிருந்து வந்தது என்று சத்தியம் பண்ணி விற்கலாம். இதைப் பார்த்துவிட்ட நோலிகன்ஸுக்கு, வாயைத் திறக்காமல் இருப்பதற்காக ஒரு கைப்பிடி கற்கள் கிடைத்தன. அதை அவர் வெட்கமில்லாமல் பிற்காலத்தில் எல்லோரிடமும் சொன்னார். வாங்கினவன் வாயை மூட வேண்டியது வாங்கின ஊரில் மட்டும்தான் என்பது அவர் சட்டம்.

இருவரும் சேர்ந்து செய்ததில் உச்சம் ஒரு மினர்வா. ஜென்கின்ஸ் ஓர் ஆங்கிலேய ரசிகருக்கு மினர்வாவின் தலை ஒன்றை அனுப்பினார். அவர் பிடிக்கவில்லை என்று திருப்பிவிட்டார். நோலிகன்ஸ் கையில் 50 பவுண்டுக்கு வாங்கிய ஒரு மினர்வா முண்டம் இருந்தது. பிறகென்ன, ஒருவரிடம் தலை, ஒருவரிடம் உடல், பேசி முடித்துவிட்டார்கள். ஆயிரம் கினிக்கு அந்த மினர்வா இங்கிலாந்தில் நியூபி மாளிகைக்குப் போய்ச் சேர்ந்தாள். அவள் ஞானத்துக்கு அதிதேவதை என்பதை வாங்கினவரிடம் யாராவது சொல்லியிருப்பார்கள்.

நடிகர் கேரிக் நோலிகன்ஸை வாடிகனில் பார்த்தார். நாங்கள் பரிசு கொடுத்த குட்டைப் பையன் நீதானே என்று அடையாளம் கண்டு, மறுநாள் காலைச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டு, மார்பளவுச் சிலைக்கு உட்கார்ந்து, 12 கினி எண்ணிக் கொடுத்தார். அடுத்து 1766ல் லாரன்ஸ் ஸ்டெர்ன். அந்தச் சுடுமண் தலைதான் நோலிகன்ஸுக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது. உயிருள்ள முகத்தை எதிரே வைத்து, களிமண்ணில் விரலால் பிடிக்கிற வித்தை அவருக்குப் பிறவியிலேயே இருந்தது. இதைச் சிரிக்காமல் சொல்லிவிட வேண்டும். மனிதர் புகையிலைத் தண்ணீர் பூசினார், வாயடைக்கக் கல் வாங்கினார், எல்லாம் சரி. ஆனால் ஸ்டெர்னின் முகத்தில் ஓடுகிற அந்தக் குறும்பைப் பிடிக்க, பக்கத்தில் நின்ற யோக்கியர்கள் யாராலும் முடியவில்லை.

1770ஐ ஒட்டி ஊர் திரும்பினார். பிளாஸ்டர் தலைகள் உள்ளே பொள்ளலாகத்தான் இருக்கும். சுங்க அதிகாரிகள் கலைப்பொருளைத் தட்டிப் பார்க்கத் தயங்குவார்கள். ஆகவே தலைகளுக்குள்ளே பட்டுக் காலுறை, கையுறை, லேஸ் எல்லாவற்றையும் திணித்து, பின்பக்கம் மெல்லிசாகப் பிளாஸ்டர் பூசி அடைத்து, சல்லிக்காசு வரி கட்டாமல் கரையேற்றினார். பிற்பாடு ஒரு நாள் மான்ஸ்ஃபீல்ட் பிரபுவிடம் ஒரு தலையைச் சுட்டிக்காட்டி, ரோமிலிருந்து வந்ததும் அரண்மனைக்குப் போட்டுக்கொண்டு போன லேஸ் இதற்குள் இருந்துதான் வந்தது என்று பெருமையோடு சொன்னாராம். மான்ஸ்ஃபீல்ட் அப்போது நாட்டின் தலைமை நீதிபதிகளில் ஒருவர்.

மார்டிமர் தெருவில் வீடு. 1771ல் ராயல் அகாடமியின் இணை உறுப்பினர், 1772ல் முழு உறுப்பினர். கல்யாணமும் அதே சமயத்தில். பெண் மேரி வெல்ச், மாஜிஸ்திரேட் சாண்டர்ஸ் வெல்ச்சின் மகள். உயரமானவள், படித்தவள், டாக்டர் ஜான்சனுக்குப் பிடித்தவள். குட்டை ஜோ நடுவில் புகுந்திராவிட்டால் மேரி எனக்கே ஆகியிருப்பாள் என்று ஜான்சன் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. சிற்பியோ குட்டை, பெரிய தலை, வளைந்த கால். மூக்கை வருணிக்க ஸ்மித் கப்பல் சுக்கானைத் துணைக்கு அழைக்கிறார். இந்த ஜோடி எப்படிப் பொருந்தும் என்று ஊர் யோசித்தது. கல்யாணமான பிறகுதான் தெரிந்தது. சிக்கனத்தில் ஜோவை விட மேரி ஒரு படி மேலே.

அந்த வீட்டில் இருட்டின பிறகு யாராவது கதவைத் தட்டினால் முதல் தட்டலுக்கு பதில் கிடையாது. தெருப் பையன்கள் தட்டிவிட்டு ஓடியிருந்தால் ஏற்றின மெழுகுவர்த்தி வீண். இரண்டாவது தட்டு கேட்டால்தான் வந்தவர் நிஜம், வெளிச்சத்துக்கு யோக்கியதை உள்ளவர். காவலுக்கு ஒரு நாய் உண்டு, செர்பரஸ் என்று பாதாள லோகத்து நாயின் பெயர். பெயரில் சிக்கனம் இல்லை, தீனியில்தான். திருமதி நோலிகன்ஸ் அதை ஆக்ஸ்ஃபோர்ட் சந்தையில் கசாப்புக் கடைகளைச் சுற்றி ஒன்றுக்குப் பல தடவை பிரதட்சிணமாக அழைத்துப் போவார். கீழே விழுந்த துண்டு துணுக்கைப் பொறுக்கி நாய் வயிற்றை நிரப்பிக்கொண்டு வீடு திரும்பும். கணவர் மட்டும் சளைத்தவரா? அகாடமி விருந்துகளில் ஒயினில் துருவிப் போட ஜாதிக்காய் வைப்பார்கள். விருந்து முடியும்போது நோலிகன்ஸ் உட்கார்ந்திருந்த பக்கத்தில் ஜாதிக்காய் இருக்காது. ஜாதிக்காய் அன்றைக்கு விலையுள்ள சாமான்தான். ஆனாலும் மன்னருக்குச் சிலை செய்கிறவர் கையை மேசையிலிருந்து சட்டைப்பைக்கு நகர்த்தும்போது எதிரே உட்கார்ந்திருந்த ஓவியர் ரெனால்ட்ஸ் வகையறாக்கள் எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருப்பார்கள் என்று யோசிக்காமல் இருக்க முடியவில்லை.

1777ல் ஜான்சனின் தலை. ஜான்சன் வெளியே தலைகாட்டுவது டோப்பாவோடு. டோப்பாவும் சரியான அளவில் இருக்காது, படிக்கிற மெழுகுவர்த்தியில் முன்பக்கம் கருகியும் இருக்கும். நோலிகன்ஸுக்கு டோப்பா பிடிக்கவில்லை. ஹோமருக்கு ஏது டோப்பா? புலவனென்றால் அலையலையாகச் சொந்த முடி இருக்க வேண்டும். ஜான்சனிடம் அந்தச் சரக்கு இல்லாததால் தெருவிலிருந்து முடி நிறைய உள்ள ஒரு பிச்சைக்காரனைக் கூட்டி வந்து, ஒரு மணி நேரம் உட்காரவைத்து, ஜான்சன் முகத்துக்கு மேலே அவன் முடியைப் பிடித்து வைத்தார். கூலியாக ஒரு ஷில்லிங் நீட்டியபோது அவன் வாங்கவில்லை. இந்நேரம் பிச்சையெடுத்திருந்தால் இதைவிடக் கூடக் கிடைத்திருக்கும் என்று சொல்லிவிட்டானாம். ராயல் அகாடமி உறுப்பினரை ஒரு பிச்சைக்காரன் இரக்கத்தோடு பார்த்த இடம் அது.

சிலையைப் பார்த்த ஜான்சன் முணுமுணுத்தார். ஒரு மனிதன் நாலு பேர் நடுவில் எப்படித் தெரிகிறானோ அப்படித்தானே காட்ட வேண்டும் என்பது அவர் கட்சி. ஆனாலும், தலை வெட்டுவதில் நம்ம ஜோ யாருக்கும் சளைத்தவனில்லை என்று அவரே சான்றிதழும் கொடுத்திருக்கிறார். இதில் ருசியான பகுதி பின்னால் வந்தது. 1939ல் அந்தத் தலைகளில் ஒன்றை வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில், கவிஞர்களுக்கென்று உள்ள மூலையில் கொண்டுபோய் வைத்தார்கள். ஆங்கில இலக்கியத்தின் மகா சந்நிதானத்தில், கோல்ட்ஸ்மித்தின் நினைவுச் சின்னம் இருக்கிற அதே மூலையில் (அதுவும் நோலிகன்ஸ் செய்ததுதான்), பெயர் தெரியாத ஒரு லண்டன் பிச்சைக்காரனின் முடி நிரந்தரமாக இடம் பிடித்துவிட்டது. ஷில்லிங்கை வாங்காமல் போனதற்கு இது கொஞ்சம் ஈடு.

தலை வெட்டுவது சோற்றுக்கு. மனசு இருந்ததென்னவோ தேவதைகளிடம். ராக்கிங்ஹாம் பிரபுவிடம் பழைய பாரிஸ் சிலை ஒன்று இருந்தது, மூன்று தேவியரில் அழகி யார் என்று தீர்ப்புச் சொன்ன அதே பாரிஸ். நீதிபதி இருக்கிறார், போட்டியாளர்களைக் காணோம். நோலிகன்ஸ் 1773ல் வீனஸ், 1775ல் மினர்வா, 1776ல் ஜூனோ என்று வரிசையாகச் செய்து கொடுத்தார். செருப்பைக் கழற்ற ஒற்றைக்காலில் நிற்கிற அந்த வீனஸைப் பார்த்தால், இந்தக் கையா ஜாதிக்காய் திருடியது என்று தோன்றும். மூன்று பேரும் இப்போது கலிபோர்னியாவில் கெட்டி அருங்காட்சியகத்தில் இருக்கிறார்கள்.

தேவதைகளுக்கும் மாதிரிக்கு நிற்கப் பெண்கள் வேண்டும், நின்றால் கூலி வேண்டும். ஒரு நாள் லாப் அம்மாள் என்று ஒருத்தி பட்டறைக்குள் புயலாக நுழைந்தாள். அவள் நடத்திய தொழிலின் பெயரைக் குடும்பப் பத்திரிகையில் போட முடியாது. தன் வீட்டுப் பெண் ஒருத்தியை எட்டு மணி நேரம் துணியில்லாமல் குளிரில் நிற்கவைத்து, வாய்க்கு ஒரு வாய் சூப்புக் கூடக் கொடுக்காமல் இரண்டு ஷில்லிங்கைக் கையில் திணித்து அனுப்பியிருக்கிறாயே, நீயெல்லாம் மனுஷனா என்று பிடித்துக்கொண்டாள். பட்டறைப் பையனாக இருந்த ஸ்மித் ஒரு மூலையில் காதைத் தீட்டிக்கொண்டு நின்றிருந்தார். திருமதி நோலிகன்ஸும் எல்லாவற்றையும் கேட்டார். அவருக்குக் கோபம் வந்தது துணியைப் பற்றியா, இரண்டு ஷில்லிங் செலவைப் பற்றியா என்பதில் எனக்குச் சந்தேகம் இருக்கிறது.

வாடிக்கையாளர்களிடம் அவர் பேசுகிற விதமே தனி. சீமாட்டிகளிடம், மூஞ்சியை அப்படி இளக்காரமாக வைத்துக்கொள்ளாதே, என் சிலை கெட்டுப்போகும் என்பார். அடுத்த மூச்சில், நீ நல்ல அழகிதான் என்றும் சொல்லிவிடுவார். மன்னர் உடல்நலமில்லாமல் இருந்தபோது உட்கார வந்த இளவரசரிடம் உங்கப்பா எப்படி இருக்கிறார் என்று விசாரித்தார். தேறிவிட்டார் என்றதும் மகிழ்ந்து, அவர் போய்விட்டால் அந்த மாதிரி ராஜா நமக்கு இன்னொருத்தர் கிடைக்கவே மாட்டார் என்றார். அடுத்த ராஜா எதிரே உட்கார்ந்திருந்தார். நன்றி சொன்னார்.

இப்படிப்பட்டவரிடம் ஒரு விதவை வந்தாள். கறுப்பு உடை, கண்ணீர், புருஷனுக்கு நினைவுச் சின்னம் வேண்டும். செலவு பற்றிக் கவலை இல்லை, என்ன வேண்டுமானாலும் செய்யுங்கள், ஆனால் உடனே செய்யுங்கள் என்று அழுதுவிட்டுப் போனாள். நோலிகன்ஸ் அனுபவசாலி. துக்கத்தின் ஆயுள் அவருக்குத் தெரியும். மாதிரியை விறுவிறுவென்று முடித்து வைத்துவிட்டார். மூன்று மாதம் கழித்து வந்தவள் முகத்தில் பழைய வாட்டம் இல்லை. இன்னும் ஆரம்பித்திருக்க மாட்டீர்களே என்று நைசாகக் கேட்டாள். அதோ, முடித்து வைத்திருக்கிறேன் என்று காட்டினார். அதற்கென்ன அவசரம், என்றென்றைக்கும் நிற்கப்போகிற பொருள், நிதானமாக யோசித்தல்லவா செய்ய வேண்டும் என்று அம்மணி இழுத்தாள். கடைசியில் விஷயம் வந்தது. இதற்குள் பழைய சிநேகிதர் ஒருவரைக் கல்யாணம் செய்துகொண்டாயிற்று.

ஃபாக்ஸின் சிலை வேறு வகைச் சங்கடத்தைப் பார்த்தது. 1791ல் இங்கிலாந்து ரஷ்யாவோடு சண்டைக்குப் போவதை எதிர்த்துப் பேசியவர் ஃபாக்ஸ். மகிழ்ந்துபோன மகாராணி கேதரின், நோலிகன்ஸ் செய்த ஃபாக்ஸ் தலையை வரவழைத்து, டெமஸ்தனிஸுக்கும் சிசரோவுக்கும் நடுவில் வைத்தாள். ஃபாக்ஸ் பிரெஞ்சுப் புரட்சிக்குப் பரிந்து பேச ஆரம்பித்ததும் தலையை எடுத்துவிட்டாள். நம் ஊரில் கட்சி மாறினால் சுவரிலிருந்து படத்தைக் கழற்றுவார்கள். அங்கே சலவைக்கல், இறக்கக் கூடுதல் ஆள் தேவைப்பட்டிருக்கும். நோலிகன்ஸுக்கு நஷ்டமில்லை. அவர் எப்போதோ காசு வாங்கிவிட்டார்.

பெரிய அறுவடை 1806ல். ஜனவரியில் பிட் செத்தார், செப்டம்பரில் ஃபாக்ஸ். பிட் உயிரோடிருந்தவரை நோலிகன்ஸுக்கு உட்கார மறுத்தவர். செத்தவர் மறுக்க முடியாது. முகத்தில் அச்சு எடுத்துக்கொண்டு வந்து தலையைச் செய்தார். பிறகு நடந்ததை ஸ்மித் ஆடிட்டர் மாதிரி கணக்குப் போட்டிருக்கிறார். பளிங்கில் 74 பிரதிகள், ஒன்றுக்கு 120 கினி. பிளாஸ்டரில் 600, ஒன்றுக்கு 6 கினி. கேம்பிரிட்ஜ் செனட் மாளிகைக்கு முழு உருவச் சிலை, 3000 கினி. அந்தச் சிலையை உண்மையில் கல்லில் செதுக்கிய செபாஸ்டியன் கஹாகனுக்குக் கொடுத்தது 300 பவுண்டு. கல்லையும் சின்னதாகவே வாங்கி, பற்றாத கையைத் தனியாக ஒட்டவைத்து மிச்சம் பிடித்தாராம். மொத்தத்தில் பிட் என்கிற ஒரு மனிதரால் மட்டும் சுமார் 15,000 பவுண்டு. பிட் தன் பங்குக்கு விட்டுப்போனது கடன். அதை நாடாளுமன்றம்தான் அடைத்தது.

ஸ்மித்தே மறைக்க முடியாமல் எழுதிவிட்ட ஒரு நல்ல காரியமும் உண்டு. 1811ல் அகாடமிக் கண்காட்சிக்குச் சிலைகளை வரிசைப்படுத்தும்போது, பெயர் தெரியாத இளைஞன் ஒருவன் செய்த தலையை நோலிகன்ஸ் கையிலெடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். என் சிலையில் ஒன்றை எடுத்துவிட்டு அந்த இடத்தில் இதை வையுங்கள், இவனை ஊருக்குத் தெரியட்டும் என்றார். கஞ்சன் காசைத்தான் விடமாட்டான், இடத்தை விட்டுக்கொடுத்தார். அந்த இளைஞன் பிரான்சிஸ் சாண்ட்ரி. சென்னைத் தீவுத்திடல் பக்கம் சேணமும் அங்கவடியும் இல்லாத குதிரைமேல் தாமஸ் மன்றோ கம்பீரமாக உட்கார்ந்திருக்கிறாரே, அவரைச் செய்தவர். அங்கவடியை மறந்துவிட்டதால் சிற்பி தற்கொலை செய்துகொண்டார் என்று சென்னையில் காலங்காலமாக ஒரு கதை ஓடுகிறது. சாண்ட்ரி லண்டனில் நான்காம் ஜார்ஜுக்கும் அங்கவடி கொடுக்கவில்லை. செல்வந்தராக வாழ்ந்து 1841ல் இயற்கையாகத்தான் போனார். நோலிகன்ஸின் சமகாலத்தவர்களில் இன்னும் இருவர் நமக்குப் பக்கத்து வீடு. தாமஸ் பேங்க்ஸ் செய்த கார்ன்வாலிஸ் கோட்டை அருங்காட்சியகத்தில் நிற்கிறார். ஃபிளாக்ஸ்மன் செய்த சரபோஜி தஞ்சை அரண்மனையில். நோலிகன்ஸ் மட்டும் இந்தப் பக்கம் வரவில்லை. வந்திருந்தால் ஜாதிக்காய் விலையைக் கேட்டே மயங்கி விழுந்திருப்பார்.

1817ல் மனைவி போனார். எண்பதை நெருங்கிய, பிள்ளையில்லாத, பணம் எக்கச்சக்கமாக உள்ள கிழவர் தனியாக இருக்கிறார் என்ற செய்தி லண்டனில் வேகமாகப் பரவியது. கதவை இப்போது முதல் தட்டலோடு விட்டுப்போகிறவர் யாருமில்லை. பரிசும் பலகாரமுமாக வந்தார்கள், உடம்பு எப்படி என்றார்கள், கன்னத்தில் நிறம் ஏறியிருக்கிறது என்றார்கள். கிழவருக்கும் இந்த விளையாட்டு பிடித்துவிட்டது. உயிலை எழுதினார், துணை உயில் எழுதினார், அதற்கு மேல் இன்னொன்று எழுதினார். ஒவ்வொரு திருத்தத்திலும் ஒரு சிலர் ஏறினார்கள், ஒரு சிலர் இறங்கினார்கள். ஸ்மித்தும் வந்து போய்க்கொண்டிருந்தார். பட்டறைப் பையனாகப் பார்த்தவன், கிட்டத்தட்ட வீட்டுப் பிள்ளை, நம்மை மறக்கவா போகிறார்.

1823 ஏப்ரலில் நோலிகன்ஸ் இறந்தார். விட்டுப்போனது சுமார் இரண்டு லட்சம் பவுண்டு. பெரும் பங்கு சில நண்பர்களுக்குப் போனது. அதில் ஒருவர் ஃபிரான்சிஸ் டவுஸ், ஸ்மித் வேலை பார்த்த அதே பிரிட்டிஷ் மியூசியத்தில் முன்பு சுவடிகளைப் பார்த்துக்கொண்டவர். பக்கத்து நாற்காலிக்கு அடித்த மழை. ஸ்மித்துக்கும் கிடைத்தது. உயிலை நிறைவேற்றுகிறவர்களில் ஒருவராக நியமனம், அதாவது மற்றவர்களுக்குப் பணத்தைப் பங்கு பிரித்துக் கொடுக்கிற உத்தியோகம். அதற்குச் சன்மானம் 100 பவுண்டு.

ஸ்மித் மறுபேச்சுப் பேசவில்லை. உட்கார்ந்து எழுதினார். 1828ல் 'நோலிகன்ஸும் அவர் காலமும்' வெளிவந்தது. ஜாதிக்காய், மெழுகுவர்த்தி, செர்பரஸ், லாப் அம்மாள், சிங்கம், எல்லாம் அதில் வரிசையாக வந்தன. ஊர் விழுந்து விழுந்து படித்தது. டோப்பா கிடையாது, அலையலையான முடி கிடையாது. நாலு பேர் நடுவில் எப்படித் தெரிந்தாரோ அப்படியே, ஜான்சன் கேட்டபடி. இரண்டு பாகம். ஆயிரம் பவுண்டு எழுதி வைத்திருந்தால் ஸ்மித் எட்டு வரியில் ஓர் இரங்கற்பாவோடு நிறுத்தியிருப்பார்.